கண்ணால் படித்தவன்

எனக்கு பிரெயில் வாசிக்கத் தெரியும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கண் இரண்டும் நன்றாகத் தெரிகிற ஆளுக்கு அது எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கற்றுக்கொண்ட அந்த வித்தையை என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பத்துப் பேர் முன்னால் காட்டினேன். அன்றைக்கும் எழுதியிருந்ததை விட்டுவிட்டு எழுதாததைப் படித்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் டெலக்ஸ் ஆபரேட்டராக இருந்தேன். டெலக்ஸ் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். இங்கே நான் ஒரு மிஷினில் தட்டினால் ஜெர்மனியில் இன்னொரு மிஷினில் அந்த எழுத்து விழும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரில் அது பெரிய விஷயம். என் அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு. மிஷினுக்குச் சூடு ஆகாது என்பதால் போட்டது. எனக்குச் சூடு ஆகுமா ஆகாதா என்று யாரும் யோசிக்கவில்லை. கம்பெனியில் எல்லோரும் என்னை 'மிஷின் ஆளு' என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

எங்களிடம் தோல் வாங்கும் ஜெர்மன்காரர் ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறை வருவார். ஒரு வருஷம் முதலாளி அவரை வேலூருக்கு வெளியே இருந்த பார்வையற்ற பிள்ளைகள் பள்ளிக்கு அழைத்துப்போனார். முதலாளி அந்தப் பள்ளிக்கு அரிசி கொடுப்பவர். கொடுப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை. அங்கே பிள்ளைகள் இரும்புச் சட்டத்தில் காகிதத்தை மாட்டி, குத்தூசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி எழுதுவதை ஜெர்மன்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குப் போய் ஒரு மிஷின் அனுப்புவதாகச் சொன்னார். மின்சாரத்தில் ஓடும் பிரெயில் மிஷின்.

முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஜெர்மன்காரர் ஊர் போய்ச் சேர்ந்ததும் அவருக்கு ஒரு டெலக்ஸ் கொடுக்கச் சொன்னார். அந்த மிஷினில் நன்றாக எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு நம் கம்பெனியிலேயே டெலிபோன் போர்டில் வேலை தரப்படும் என்று வாசகம். நான்தான் அடித்தேன், ஒரு பிழை இல்லாமல்.

மிஷின் மதராஸ் துறைமுகத்திலிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்த நேரம் ஆயுத பூஜை. முதலாளி முஸ்லிம். ஆனாலும் ஃபேக்டரியில் பூஜை உண்டு, பொரி கடலை அவர் செலவு. ஃபிட்டர்கள் கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவர்கள், பெட்டி பிரித்து வைத்திருந்த புது மிஷினையும் விடவில்லை. சின்ன சூட்கேஸ் அளவு மிஷின். முன்பக்கம் ஆறு விசை, நடுவில் இடம் விடவும், படிக்கும்போது அடுத்த வரிக்குப் போகவும் ஒரு பட்டை. மேலே ஒரு வரிசையில் இருபது குழிகள். நாம் விசையைத் தட்டினால் குழிக்குள்ளிருந்து மெல்லிய ஊசிகள் எழும்பி நிற்கும். அதை விரலால் தடவிப் படிக்க வேண்டும். அந்த இருபது குழிக்கும் ஒரு குழி விடாமல் பக்தியோடு சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் பார்த்து எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஈர்க்குச்சியும் ஸ்பிரிட்டும் வைத்து மூன்று நாள் நோண்டினேன். ஜெர்மனியில் அதைச் செய்த மகராசன் குளிருக்குத் தாங்குமா, தூசிக்குத் தாங்குமா என்றெல்லாம் சோதித்திருப்பான். சந்தனத்தைச் சோதித்திருக்க மாட்டான்.

நோண்டி முடித்த அன்று முதலாளி கூப்பிட்டார்.

"அந்தப் பசங்களுக்கு மிஷின் சொல்லிக் குடுக்கணும்பா. சனிக்கிழமை போய்ட்டு வா."

"மொதலாளி, எனக்கு பிரெயில் தெரியாதுங்க."

"அதுக்கு இன்னா? அவங்களுக்கு மிஷின் தெரியாது. ரெண்டும் சரியாப் போச்சு. நீ மிஷின் ஆளுதானே?"

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. சனிக்கிழமை மத்தியானம் மடியில் மிஷினை வைத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் ஆர்மோனியப் பெட்டியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பள்ளியின் தலைமையாசிரியை மிகவும் பொறுப்பான அம்மாள். மிஷினைப் பார்த்ததும் முதல் காரியமாக அதற்குப் பீரோ ஒதுக்கினார். இரண்டாவது காரியமாக பீரோச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து மணி வரை, நான் வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால் மிஷின் வெளியே வரும். மற்ற நாளில் யாராவது பெரிய மனிதர் வந்தால் வெளியே வரும். எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் வராது.

"ரிப்பேர் ஆனா யாரு சார் பதில் சொல்றது?" என்பார். பதில் சொல்ல ஜெர்மனியில்தான் ஆள் இருந்தார், அதனால் நான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

முதல் சனிக்கிழமையே மிஷின் கெட்டுவிட்டது என்று முடிவாயிற்று. பிள்ளைகள் என்ன தட்டினாலும் படிக்க முடியவில்லை, ஒன்று கிடக்க ஒன்று வருகிறது என்றார்கள். சந்தனம் உள்ளே போய் வயரைக் கடித்துவிட்டது போல என்று மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தேன். "குருட்டாம்போக்குல தட்டாதீங்கப்பா" என்று வேறு சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அறையே சிரித்தது.

"வேற எந்தப் போக்குல சார் தட்டறது?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும். அந்தப் பள்ளியில் எல்லோரையும் விட மூத்தவள். நிதானமாக மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு எழுத்தைத் தட்டினாள், தடவினாள். இன்னொன்று தட்டினாள், தடவினாள். பிறகு சொன்னாள்.

"மிஷின் சரியாத்தான் கீது சார். நாங்கதான் திருப்பி எழுதறோம்."

விஷயம் இதுதான். இரும்புச் சட்டத்தில் எழுதும்போது காகிதத்தின் பின்பக்கம் குத்த வேண்டும், முன்பக்கம் திருப்பிப் படிக்க வேண்டும். அதனால் வலமிருந்து இடமாக, இடம் வலம் மாற்றித்தான் எழுதுவார்கள். தோலை உள்பக்கம் சீவி வெளிப்பக்கம் விற்பதுபோல. பத்து வருஷமாக அப்படியே குத்திப் பழகிய விரல்கள் மிஷினிலும் அப்படியே போயின. மிஷினில் குத்துகிற பக்கமும் படிக்கிற பக்கமும் ஒன்று. நேராக எழுதுவது என்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆங்கிலக் கையேட்டை மூன்று நாள் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அதன் பிறகு பாடம் தலைகீழாகிவிட்டது. நான் மிஷின் சொன்னேன், அவர்கள் எனக்குப் புள்ளி சொன்னார்கள். ஆறு புள்ளிக்குள் எல்லா எழுத்தும் அடங்கும் என்பதால் ஜெர்மன் மிஷினுக்குத் தமிழ் எழுதுவதில் ஒரு ஆட்சேபமும் இருக்கவில்லை. என் விரலுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. எல்லாம் ஒரே சொரசொரப்பாக இருந்தது. கடைசியில் குனிந்து கண்ணால் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. ஒரு நாள் சாயங்காலம் மழை இருட்டோடு கரண்டும் போய்விட்டது. மிஷினில் பேட்டரி இருந்தது, அவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் படிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"சார் பாவம். லைட் இருந்தாத்தான் படிப்பாரு" என்றாள் அவள்.

அவளுடைய படிப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அவள் விடையைச் சொல்ல, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் காகிதத்தில் எழுதினான். விதிப்படி கீழ் வகுப்புப் பையன்தான் எழுத வேண்டும். ஆகவே அந்தப் பையனுக்கு எவ்வளவு எழுத வந்ததோ அவ்வளவு மார்க்கு அவளுக்கு வந்தது. பாஸாகிவிட்டாள். பிறகு போக இடமில்லாமல் பள்ளியிலேயே நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தாள். வருகிற மே மாதத்தோடு விடுதியில் இருக்க வயது தாண்டிவிடும். வீடு பேரணாம்பட்டில். அப்பாவுக்கு அங்கே தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை.

"வூட்டுக்குப் போனா பாய் சுருட்டி வெக்கிற மூல ஒண்ணு கீது சார். அதுல என்னியும் சேத்து வெச்சிருவாங்க" என்றாள் ஒரு தடவை. அழுது சொல்லவில்லை. வீட்டு விலாசம் சொல்வதுபோல் சொன்னாள்.

முதலாளி சொன்ன வாக்கு பள்ளி முழுக்கத் தெரிந்திருந்தது. அவள் அதை என்னிடம் ஒரு முறைதான் கேட்டாள்.

"போர்டு வேல நெசமா சார்?"

"மொதலாளி வாயால சொன்னாரு, என் கையால அடிச்சேன். ஜெர்மனியில பேப்பர்ல கீது" என்றேன்.

அதற்கப்புறம் அவள் உழைத்த உழைப்பை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மிஷின் பீரோவில் பூட்டிக் கிடக்கும் ஆறு நாளும் சாப்பாட்டு மேஜை விளிம்பில் ஆறு விரலால் தட்டிக்கொண்டிருப்பாளாம். சமையல்காரம்மா தாளம் போடுகிறாள் என்று திட்டியிருக்கிறார். போர்டில் பேசும் இங்கிலீஷ் வேண்டும் என்றாள். எங்கள் ஆபீசில் புழங்கும் வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்தேன். 'ஹோல்ட் ஆன் ப்ளீஸ்.' 'லைன் எங்கேஜ்டு.' முதலாளி மதராஸிலிருந்து திரும்பிவிட்டாரா என்று யாராவது கேட்டால், 'ஹீ கேம் டுடே ஒன்லி, சார்.' எல்லாவற்றையும் அந்த மிஷினில் எழுதி வைத்து, தடவித் தடவி மனப்பாடம் செய்தாள்.

மார்ச்சில் எங்கள் ஆபீஸ் போர்டில் பழைய ஆபரேட்டர் நின்றுவிட்டார். மறுநாளே மேனேஜருடைய கொழுந்தியாள் மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான், அவள் மேல் ஒரு குறையும் இல்லை. நான் மேனேஜரிடம் போய், "சார், அந்த ஸ்கூல் பொண்ணுக்குன்னு சொன்னது" என்று இழுத்தேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதெல்லாம் அந்த ஜெர்மன் பையருக்குச் சொன்னதுப்பா. நமக்கு இல்ல" என்றார்.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு சனிக்கிழமை போனேன், இரண்டு சனிக்கிழமையும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் மனசு உடைந்துவிடும், எழுதுவதை விட்டுவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பயம். முதலாளி வாக்குத் தவறிவிட்டார் என்று என் வாயால் வெளியே போனால் என் ஏ.சி. அறை என்ன ஆகும் என்கிற பயம்.

ஏப்ரலில் ஜெர்மன்காரர் வந்தார். தன் மிஷினில் பிள்ளைகள் எழுதுவதைப் பார்க்க வேண்டும் என்றார். தலைமையாசிரியை அம்மாள் ஒரு வாரம் தூங்கவில்லை. எதுவும் தப்பாகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு ஏற்பாடு செய்தார். அந்த மிஷினில் எழுதியதைச் சாதாரண டேப் ரிக்கார்டர் கேசட்டில் பதிந்து வைக்கலாம். நன்றிக் கடிதத்தை அந்தப் பெண் முன்கூட்டியே எழுதி கேசட்டில் பதிந்துவிட வேண்டியது. அன்றைக்குச் சும்மா விசைகளைத் தட்டுவதுபோல் தட்ட வேண்டியது, பிறகு கேசட்டிலிருந்து கடிதத்தைக் குழிகளுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது.

"அதை யாரு மேடம் படிக்கிறது?" என்றேன்.

"நீங்கதான். எனக்குப் புள்ளி படிக்க வராது, அவளே எழுதி அவளே படிச்சா நம்புவாங்களா? கண்ணு தெரிஞ்சவங்க படிச்சாத்தான் சார் அத்தாட்சி."

ஆறு மாதம் அந்தப் பெண் விரல் தேய எழுதியதற்கு நான் அத்தாட்சி. சரி என்றேன். சரி என்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

விழா அன்று காலையில் பாட்டு வாத்தியார் வரவேற்புப் பாடலைப் பதிவு செய்ய ஒரு கேசட் தேடியிருக்கிறார். பீரோவில் ஒன்று கிடைத்தது. டேப் ரிக்கார்டரில் போட்டுப் பார்த்தால் கிர்ரென்று ஒரே இரைச்சல். பாழாய்ப்போன கேசட் என்று நினைத்து, அதன்மேல் பிள்ளைகளைப் பாட வைத்து முழுப் பாட்டையும் பதிந்துவிட்டார். அந்த இரைச்சல்தான் நன்றிக் கடிதம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் மனசுக்குள் திட்டினேன்.

ஜெர்மன்காரர், முதலாளி, மேனேஜர், இன்னும் நாலைந்து பெரிய மனிதர்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, மிஷினுக்குள் கடிதம் இல்லை என்பது தெரிந்தது. தலைமையாசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண் மிஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பரவால்ல மேடம். இப்பவே எழுதறேன்" என்றாள்.

எழுதினாள். கடகடவென்று, ஒரு தடுமாற்றம் இல்லாமல். ஜெர்மன்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். எழுதி முடித்துக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "சார், படிங்க" என்றாள்.

நான் குனிந்தேன். ஒரு தடவைக்கு இருபது குழி. தமிழில் அதற்குள் இரண்டு மூன்று சொல்தான் அடங்கும். பட்டையை அழுத்தினால்தான் அடுத்தது வரும். முதலில் வந்தது: போர்டில் வேறு பெண்.

இதைத்தான் எழுதியிருக்கிறாளா என்று நம்ப முடியாமல் பட்டையை அழுத்தினேன். பேசுகிறாள். எனக்கு. மறுபடி அழுத்தினேன். சொன்ன வேலை எங்கே.

விவரம் பின்னால்தான் தெரிந்தது. அந்த வாரம் திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எங்கள் கம்பெனிக்கு அவளே போன் போட்டிருக்கிறாள். போர்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பழக வேண்டும் என்பதற்காக. ஒரு பெண் எடுத்திருக்கிறாள். "புதுசா வந்திருக்கேன்" என்று அந்தப் பெண்ணே சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது அறையில் இருந்த அத்தனை பேரில், அவளையும் மற்ற பதினைந்து பிள்ளைகளையும் தவிர, அந்த ஊசிகளைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பிள்ளைகள் தள்ளி பெஞ்சில் இருந்தார்கள், அவர்கள் விரல் எட்டாது. முதலாளி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "படிப்பா. நான் அவருக்கு இங்கிலீஷ்ல சொல்றேன்" என்றார்.

நான் படித்தேன்.

"எங்களுக்கு இந்த மிஷின்" என்றேன். பட்டையை அழுத்தினேன். "வாங்கிக் கொடுத்த அய்யாவுக்கு" என்றேன். பட்டையை அழுத்தினேன். "மிகவும் நன்றி" என்றேன்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். இருபது இருபது எழுத்தாக, இடம் பார்த்து, அழகாகப் பொருத்திச் சொன்னேன். கைதட்டினார்கள். ஜெர்மன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று அந்தப் பெண்ணிடம் கேட்கச் சொன்னார். முதலாளி கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அவள். "சாரு கண்ணால படிக்கிறாரு. கண்ணால படிச்சா சமயத்துல தப்பு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி அதை இங்கிலீஷில் சொல்ல, ஜெர்மன்காரர் இன்னும் பலமாகச் சிரித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்தப் பொய்யால் நன்மையும் விளைந்தது, அதுதான் கொடுமை. நெகிழ்ந்துபோன ஜெர்மன்காரர் இரண்டாவது மிஷின் ஒன்று அனுப்பினார். பீரோவில் ஒன்றுக்குத்தான் இடம். இரண்டாவதை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் தலைமையாசிரியை அதை வகுப்பறை மேஜைமேலேயே விட்டுவிட்டார். பிள்ளைகள் காலையிலிருந்து ராத்திரி வரை எழுதித் தள்ளினார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்றால், ஒரு பொய்க்கு ஒரு மிஷின் ஜாஸ்திதான். ஆனால் அந்த மிஷின் வந்தபோது அவள் அங்கே இல்லை. மே முதல் வாரமே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மே கடைசியில் ஜெர்மனியிலிருந்து என் டெலக்ஸில் ஒரு செய்தி விழுந்தது. முதல் ஆறு வரி ஆட்டுத்தோல் ஆர்டர். ஏழாவது வரியில், அந்தப் பெண் இப்போது உங்கள் போர்டில் இருக்கிறாளா என்று கேள்வி. எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் ஆர்டரை இரண்டு முறை படித்தார். கேள்வியை ஒரு முறை படித்தார்.

"ஆமான்னு போட்டுடு" என்றார்.

போட்டேன். அதையும் என் கையால்தான் அடித்தேன்.

மறுநாள் பதில் வந்தது. மிக்க மகிழ்ச்சி, வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போன் செய்கிறேன், அவளே எடுக்கட்டும், அவளோடு பேச வேண்டும் என்று. ஆபீசே ஆடிப்போய்விட்டது. முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பார்க்க வேறு ஆள் இல்லாததால் சுவரைப் பார்த்தேன்.

"ஒரு நாளைக்குத்தானே. கார் எடுத்துக்கினு போய் அந்தப் பொண்ண இட்டாந்துடு. பேஜார் இல்லாம முடிச்சிடலாம்" என்றார் முதலாளி.

வியாழக்கிழமை காலையில் பேரணாம்பட்டுக்குப் போனேன். கம்பெனிக் கார் வந்ததும் தெருவே கூடிவிட்டது. அவள் அம்மா அவசர அவசரமாக அவளுக்குத் தலை வாரிவிட்டார். வாசலிலிருந்தே அந்த மூலையைப் பார்த்தேன். பாய்கள் சுருட்டி நிறுத்தியிருந்தன, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

காரில் வரும்போது விஷயத்தைச் சொன்னேன். ஒரு போன் வரும், ஜெர்மன்காரர் பேசுவார், வேலையில் இருப்பதாகச் சொல்ல வேண்டும். "நல்லபடியா பேசும்மா. ஒனக்கும் அதான் நல்லது" என்றேன். எவ்வளவு வெட்கங்கெட்ட வாய்.

ஆம்பூரின் தோல் வாடை காருக்குள் வந்த பிறகு அவள் கேட்டாள்.

"நானே பேசலாமா சார், இல்ல நீங்க படிச்சு சொல்வீங்களா?"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

மூன்று மணிக்கு அவள் போர்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜரின் உறவுக்காரப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டு, எந்த வயரை எங்கே செருக வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துக் காட்டியிருந்தாள். முதலாளி, மேனேஜர், நான் மூவரும் பின்னால். மணி அடித்தது. அவள் சரியான துளையில் வயரைச் செருகினாள். கம்பெனி பெயரைச் சொல்லி, குட் ஆஃப்டர்நூன் சொன்னாள். நான் கற்றுக்கொடுத்ததைவிட நன்றாகச் சொன்னாள். முதலாளியின் முகம் மலர்ந்தது.

அந்தப் பக்கம் ஜெர்மன்காரர் ஏதோ கேட்டார். எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது.

"நோ சார்," என்றாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக, "ஐ கேம் டுடே ஒன்லி, சார்."

மறுபடி ஏதோ கேட்டிருக்கிறார்.

"டுமாரோ நோ, சார். டுமாரோ அனதர் கேர்ள்."

அதற்கப்புறம் அவள் கையிலிருந்த ரிசீவரைப் பின்னால் நீட்டினாள். "ஒங்ககிட்ட பேசணுமாம்" என்றாள், யாரிடம் என்று சொல்லாமல். முதலாளி வாங்கிக்கொண்டார். பத்து நிமிஷம் 'யெஸ், யெஸ், ஆஃப் கோர்ஸ்' என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. கூடவே, அந்த உண்மையை ஏப்ரலிலேயே என் வாய் சொல்லியிருக்கலாம் என்கிற நினைப்பும் வந்தது. சந்தோஷம் அதோடு அடங்கிவிட்டது.

ஜெர்மன்காரர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் மூன்று மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். சொன்னபடி கூப்பிட்டார். இரண்டு வியாழக்கிழமை காரில் கூட்டிவந்து, காரில் கொண்டுபோய் விட்டோம். மூன்றாவது வியாழக்கிழமை மேனேஜருக்கு அலுத்துவிட்டது. "அவளையே வெச்சிடுங்க மொதலாளி" என்றார். உறவுக்காரப் பெண்ணை ஃபைல் அறைக்கு மாற்றினார்கள். அந்தப் பெண்ணும் இவளும் சீக்கிரமே பெரிய தோஸ்த் ஆகிவிட்டார்கள், மத்தியானச் சோற்றை ஒரே டிபனில் சாப்பிடுவார்கள்.

அப்புறம் பல வருஷம் ஒரே ஆபீசில் இருந்தோம். என் அறைக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். காலையில் வணக்கம் சொல்வாள். எனக்குப் போன் வந்தால் மரியாதையாகக் கொடுப்பாள். என் மகள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டாள். கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டிய காகிதம் தினம் ஒன்றாவது வரும்: சம்பளக் கவர், ஊரிலிருந்து கடிதம், ஆபீஸ் சுற்றறிக்கை. பியூனைப் படிக்கச் சொல்வாள். ஃபைல் அறைத் தோழியைக் கூப்பிடுவாள். ஒரு நாள் தண்ணீர் கேன் போட வந்தவனிடம் கூட ஒரு கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

ஒரு தடவை தபாலில் அவளுக்கு ஒரு கவர் வந்திருந்தது. பியூன் இல்லை, தோழி லீவு. அவள் கவரைக் கையில் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "குடும்மா, நான் படிக்கிறேன்" என்றேன்.

"பரவால்ல சார்" என்றாள். "அவன் டீ குடிச்சிட்டு வந்துரட்டும்."

கவரை போர்டுக்கு அடியில் பத்திரமாக வைத்தாள். நான் என் அறைக்குத் திரும்பிப் போனேன்.